அது மங்குஸ்தீன் அல்ல

“சுபானு வருஷம், சித்திரை. கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர்ந்தோம். சாமான்களுக்குச் சேதமில்லை. முற்றத்தில் பெயர் தெரியாத மரம் ஒன்று. சிவப்புப் பூ.”

பழைய நாட்காட்டித் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் நான் எழுதி வைத்த குறிப்பு இது. ஆங்கிலக் கணக்கில் 1943 ஏப்ரல். ஜப்பான்காரர்களின் ஆட்சி; அலுவலகத் தாள்களில் அந்த ஆண்டை அவர்கள் கணக்கில் 2603 என்று எழுத வேண்டும். கடிகாரத்தையும் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தார்கள். வீட்டுக் குறிப்புகளில் மட்டும் நான் தமிழ் வருஷத்தைப் போட்டு வந்தேன். அதில் வீரம் எதுவும் இல்லை. 2603 என்று எழுதினால் பிறகு படிக்கும்போது எனக்கே குழம்பிவிடும்.

கிள்ளானில் நான் கணக்கெழுதிய கிடங்கில் சரக்கு இல்லாமல் போயிருந்தது. கப்பல் வராத துறைமுகத்தில் கணக்கனுக்கு என்ன வேலை? கோலாலம்பூரில் ரயில் சரக்குப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். எடுத்துக்கொண்டார்கள். பிரிக்பீல்ட்ஸில், பெரிய சாலைக்குப் பின்னால் இருந்த ஒரு சந்தில் வீடும் கிடைத்தது. ஒரே வரிசையாகப் பலகை வீடுகள், தகரக் கூரை. எங்களுடையது கடைசி வீடு. முன்பு குடியிருந்தவர்கள் சண்டை தொடங்கியதும் எங்கோ போய்விட்டார்கள் என்றார்கள். யார், எந்த ஊர் என்று சந்தில் ஒருவருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கடைசி வீடு என்பதால் பக்கவாட்டில் கொஞ்சம் நிலம் கூடுதலாக இருந்தது. அந்த நிலத்தில் பாதி அந்த மரத்தின் நிழலுக்குள் கிடந்தது.

நேராக வளர்ந்த மரம். கிளைகள் மட்டும் நுனியில் தாழ்ந்து தொங்கும். இலை நீளமாக, தடிப்பாக, எண்ணெய் தடவித் துடைத்ததுபோல் பளபளப்பாக, எதிரெதிரே ஜோடியாக இருந்தது. தளிர் செம்பு நிறம். பூக்கள் கிளை நுனியில் ஒவ்வொன்றாகத் தனித்துப் பூத்தன. நான்கு இதழ்கள், தோல்போலத் தடித்தவை, உட்புறம் நல்ல சிவப்பு. மழை விட்ட காலையில் உதிர்ந்த இதழ்கள் மண்ணில் கவிழ்ந்து கிடக்கும். என் மனைவி அவற்றைப் பெருக்காமல் விட்டுவிடுவாள்.

நான் கிள்ளானில் வளர்ந்தவன். ரப்பர், தென்னை, முருங்கை, ரம்புத்தான் எல்லாம் தெரியும். மங்குஸ்தீனும் தெரியும். ஆனால் எனக்குத் தெரிந்த மங்குஸ்தீன் பாசாரில், சந்தைக் கூடையில் இருப்பது. அது மரத்தில் தொங்கி நான் பார்த்ததில்லை. எங்கள் ஆட்களில் பெரும்பாலானோர் அப்படித்தான். பழத்தின் விலை தெரியும், மரம் தெரியாது.

என்னிடம் இந்திய மரங்களைப் பற்றிய தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று இருந்தது. ஆங்கிலப் புத்தகம் வீட்டில் கண்ணில் படும்படி இருப்பது அப்போது நல்லதல்ல. அதனால் அது அரிசி இல்லாத அரிசி டின்னுக்குள் குடியிருந்தது. ஒரு ஞாயிறு அதை எடுத்து வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தேன். எதிரெதிர் இலை, பட்டையைக் கீறினால் மஞ்சள் பால், நான்கு இதழ்ப் பூ. மங்குஸ்தீனுக்குப் புத்தகம் சொன்ன அடையாளங்கள் மூன்றும் பொருந்தின. பூவின் நிறம் பொருந்தவில்லை. மண்ணைப் பொறுத்து நிறம் மாறும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

“மங்குஸ்தீன்!” என்று அடுக்களையைப் பார்த்துக் கத்தினேன்.

“மெதுவாச் சொல்லுங்க,” என்றாள் மனைவி. “காய்க்கிறதுக்கு முன்னாடியே சந்துல பங்கு பிரிச்சிடுவாங்க.”

பிரித்துவிட்டார்கள். மறுநாளே எங்கள் வேலிப் பக்கம் வருவோர் போவோர் எல்லாரும் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்த வாரம் எங்கள் வரிசையின் தலைவர் வந்தார். ஒவ்வொரு வரிசை வீடுகளுக்கும் பொறுப்பாக ஒருவரை மேலிடம் நியமித்திருந்தது. எங்களுக்கு வாய்த்தவர் ரயில்வேயில் தண்டவாள மேற்பார்வை பார்த்தவர். பெரிய மீசை, பெரிய குரல். வீட்டுக்கு வீடு மரவள்ளி நட்டிருக்கிறார்களா என்று பார்ப்பது அவர் வேலை. எங்கள் முற்றத்து நிழலைப் பார்த்ததும் அவருக்கு முகம் சுருங்கியது.

“தம்பி, இது என்ன மரம்?”

“மங்குஸ்தீன், அண்ணே.”

“பார்த்துச் சொல்றியா, படிச்சுச் சொல்றியா?”

“படிச்சுப் பார்த்துச் சொல்றேன்.”

“நிழல்ல மரவள்ளி கிழங்கு வைக்காது. திங்கிறதுக்கு ஒண்ணும் கொடுக்காத மரம் எதுவும் நிக்கக் கூடாதுன்னு மேல உத்தரவு. பழ மரம்னா விட்டுடலாம். முதல் கூடை எங்க வீட்டுக்கு, ஞாபகம் வச்சுக்க.”

இதெல்லாம் வேடிக்கையாக இருந்த நாட்கள். வைகாசி பிறந்ததும் வேடிக்கை நின்றுவிட்டது. என் மனைவி முழுகாமல் இருந்தாள். மசக்கை அவளைப் படுக்கையில் போட்டது. பங்கீட்டு அரிசி போதாது, மூன்று வேளையும் மரவள்ளிதான். அவித்த கிழங்கின் வாசனை வந்தாலே ஓடிப்போய் வாந்தி எடுப்பாள். கஞ்சியும் தங்கவில்லை. கிள்ளானில் இருந்தபோது ஒரு கரு நிற்காமல் போயிருந்தது. அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. பேசாமல் இருந்ததே இருவரையும் பயமுறுத்தியது.

“புளி ஊத்தி ஒரு குழம்பு வச்சா இந்தக் கிழங்கையும் சாப்பிட்டுடுவேன்,” என்றாள். “கொஞ்சம் கெட்டியா, காரமா. மீன் இல்லாட்டியும் பரவாயில்ல.”

புளிக்கு எங்கே போவது? இந்தியாவிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த சரக்கு அது. கப்பல் நின்றதும் புளியும் நின்றுபோனது. எலுமிச்சை பிழிந்து கொடுத்தேன். வெறும் வயிற்றில் எரிந்தது. குழம்பில் விட்டுக் கொதிக்க வைத்தால் கசந்தது. மாங்காய்க் காலமும் இல்லை.

அடுத்த வீட்டில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் தனியாக இருந்தார். மருத்துவமனையில் பல வருஷம் பிரசவம் பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸ். சந்து முழுவதும் அவரை மிஸி என்றுதான் கூப்பிடும். அவர் வந்து மனைவியின் கையைப் பிடித்துப் பார்த்தார். கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

“பிள்ளை, இப்பிடியே போனா ரெண்டு பேருக்கும் கூடாது. என்னத்தையெண்டாலும் தின்ன வேணும், திண்டது வயித்திலை நிக்கவும் வேணும்.”

வாசல் வரை வந்து என்னிடம் தனியாக, “தம்பி, இந்த மாசம்தான் கவனம்,” என்றார்.

அதற்குள் மரத்தில் பிஞ்சுகள் திரண்டு பெரிதாகிவிட்டன. அவற்றைப் பார்த்தபோது என் மங்குஸ்தீன் ஆட்டம் கண்டது. சற்றே தட்டையான பச்சை உருண்டைகள். மேலிருந்து கீழாக வரிவரியாகப் பள்ளம். மனைவி ஜன்னல் வழியாகப் படுத்தபடியே பார்த்தாள்.

“மங்குஸ்தீனுக்கும் பூசணிக்கும் கல்யாணம் ஆயிடுச்சு போல.”

“பிஞ்சுல அப்படி இருக்கும். முத்தினா சரியாயிடும்.”

“புத்தகத்துல போட்டிருக்கா?”

போட்டிருக்கவில்லை. முற்ற முற்ற வரிகள் ஆழமாயின. தலைவர் மறுபடி வந்து இதைப் பார்த்ததும் சந்து அதிரச் சிரித்தார்.

“படிச்ச மங்குஸ்தீன் இதுதானா தம்பி? இது ஏதோ காட்டுக்காய். அடுத்த வாரம் பாராங் கத்தியோட வர்றேன். வெட்டின விறகை நீயே வச்சுக்க, அதுல எனக்குப் பங்கு வேணாம்.”

அன்று சாயங்காலம் ஒரு காயைப் பறித்துக் குறுக்காக வெட்டினேன். உள்ளே நடுவில் சக்கரம்போல அறைகள், சுற்றிலும் வெளிறிய தடித்த சதை. வெட்டிய வாசனை காற்றில் பரவியதும் மனைவி எழுந்து வந்துவிட்டாள். படுக்கையிலிருந்து தானாக எழுந்து அவள் நடந்து வந்து பல நாட்கள் ஆகியிருந்தன. நான் தடுப்பதற்குள் கத்தியின் ஓரத்தை விரலால் வழித்து நாக்கில் வைத்தாள். ஒரு கண் மூடிக்கொண்டது. தோள் குலுங்கியது. பிறகு முகம் முழுவதும் மலர்ந்தது.

“புளிப்புங்க! என்னா புளிப்பு! ஒரு துண்டு கொடுங்க.”

“வையும் கீழே!” வேலிக்கு அப்பாலிருந்து மிஸியின் குரல். அவர் கையில் கீரைக்கட்டோடு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். “வயித்துப் பிள்ளைக்காரி பேர் தெரியாத காயை வாயிலை வைக்கிறதோ? கருவைக் கலைக்கிற காயும் புளிக்கும், தெரியுமோ?”

மனைவி துண்டைக் கீழே வைத்தாள். விரலை மட்டும் இன்னொரு முறை சப்பிக்கொண்டாள்.

“மிஸி, இதைச் சாப்பிட்டா கிழங்கு உள்ளே போகும். எனக்குத் தெரியுது.”

“உமக்குத் தெரியும், உம்மடை பிள்ளைக்குத் தெரியுமோ? தம்பி, இது என்ன மரமெண்டு கண்டுபிடியும். ஆக்கள் தின்னுற காய்தான் எண்டு எனக்குக் காட்டும். பிறகு நானே வந்து குழம்பு வைச்சுத் தாறன்.”

எனக்குக் கிடைத்த உத்தரவுகளிலேயே தெளிவானது அதுதான். தலைவர் கத்தியோடு வருவதற்குள் மரத்தின் பெயர் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மரம் போய்விடும். என் மனைவிக்குச் சாப்பிட வேண்டும் என்று தோன்றிய ஒரே பொருளும் அதோடு போய்விடும்.

மிஸியே ஒரு வழி காட்டினார். கொழும்பில் வேலை பழகிய காலத்தில், மீன் கறிக்குக் கொறுக்காய் என்று ஒன்றைப் போடுவதை அவர் பார்த்திருந்தார். அதுவும் இப்படி வரிவரியாக இருக்குமாம். காய வைத்தால் கரிபோலக் கறுத்துவிடுமாம். காய வைத்துப் பார் என்றார். காயை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, முறத்தில் பரப்பித் தகரக் கூரைமேல் வைத்தேன். மதியம் மழை வரும், இறக்குவேன். காலையில் வெயில் வரும், ஏற்றுவேன். மனைவி வாசலில் உட்கார்ந்து குச்சியோடு காக்கைக்குக் காவல் இருந்தாள். காக்கைகள் வந்தன, பார்த்தன, தொடாமல் போயின.

“காகமே தொடாத காய்,” என்றார் மிஸி வேலி வழியாக.

“காக்காய்க்கு மசக்கை இல்ல, மிஸி,” என்றாள் இவள்.

வில்லைகள் காய்ந்தன. கறுக்கவில்லை. வெளிர் பழுப்பு நிறமாகி, ஓரம் சுருண்டு, பழைய செருப்புத் தோல்போல் ஆயின. கொறுக்காய் அல்ல என்று மிஸி தலையசைத்தார்.

எங்கள் சந்தில் மலாய்க் குடும்பம் கிடையாது. சரக்குப் பிரிவில் காவலுக்கு இருந்த மலாய்க்காரரிடம் இலையும் காயும் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் காப்பார் பக்கத்து மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மீனைக் கொண்டுவா, அதோட பாட்டன் பேர் வரைக்கும் சொல்றேன். மரத்துக்கு வேற ஆளைப் பார்,” என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பெரிய சாலையில் பாய் கடை இருந்தது. நாகூர்ப் பக்கத்திலிருந்து இளவயதில் வந்து, மளிகைக் கடை வைத்து, இங்கேயே நரைத்தவர். சரக்கு இல்லாத கடையையும் நாள் தவறாமல் திறந்து, பளபளவென்று துடைத்து வைத்திருப்பார்.

“பாய், புளி கொஞ்சம் கூட இல்லையா?”

“தம்பி, நீங்க அந்த வார்த்தையைச் சொன்னதும் வாயில எச்சில் ஊறுது. அதை வேணும்னா எடுத்துக்கிட்டுப் போங்க. அதுக்குக் காசு வேணாம்.”

சிரித்துவிட்டுத் திரும்பும்போதுதான் அது என் கண்ணில் பட்டது. மேல் தட்டில், ஓரத்தில், ஒரு கண்ணாடி ஜாடி. அடியில் கொஞ்சம் பழுப்பு வில்லைகள். ஓரம் சுருண்டவை. பழைய செருப்புத் தோல்.

“பாய், அது என்ன?”

“அதுவா? அசாம் கெப்பிங். அதாவது புளி வில்லை, மலாய்க்காரங்க மீனுக்குப் போடுறது. மலாயா வடக்குப் பக்கத்துலேருந்து ரயில்ல மூட்டை மூட்டையா வரும். இப்ப மூட்டை எங்க வருது? இது அடிமூட்டைத் தூசி. நம்மாளுங்க புளி இருந்த காலத்துல இதைத் திரும்பியே பார்க்க மாட்டாங்க.”

“இது எந்த மரத்துக் காய்?”

பாய் யோசித்தார். “வாழ்நாளெல்லாம் விக்கிறேன் தம்பி. மரத்துல காய்க்குதா, மில்லுல அடிக்கிறாங்களான்னு இதுவரைக்கும் யாரும் என்னைக் கேட்டதில்ல. நானும் கேட்டதில்ல.”

ஜாடியில் இருந்ததை அப்படியே தாளில் மடித்துக் கொடுத்தார். வீடுவரை நான் நடக்கவில்லை, ஓடினேன். கடை வில்லை ஒன்றைத் தண்ணீரில் ஊறப்போட்டேன். நாங்கள் இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, அது மெல்ல விரிந்தது. சுருண்ட ஓரம் நிமிர்ந்தபோது அலையலையான விளிம்பு வெளிப்பட்டது. நடுவில் சக்கரம்போன்ற அறைகளின் தடம். புதிதாக ஒரு காயைக் குறுக்காக வெட்டிப் பக்கத்தில் வைத்தேன். அதே அலை. அதே சக்கரம்.

அந்த நிமிஷத்தின் மகிழ்ச்சியை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. எத்தனையோ புத்தகம் படித்திருக்கிறேன். உலகத்தில் ஒரு பொருளை முதன்முதலாக நானே கண்டுபிடித்தேன் என்று நினைத்தது அப்போதுதான். வடக்கே ஆயிரம் வீடுகளில் தெரிந்த செய்திதான். ஆனாலும் அந்தச் சந்தில் அது தெரிந்த முதல் ஆள் நான்.

“பேரு கிடைச்சிடுச்சு. குழம்பு வைக்கலாமா?” என்றாள் மனைவி.

“இரு. மிஸிக்கு நிரூபிக்கணும். ஊறவச்சுப் பார்த்தது ஒரு சான்றுதான். இன்னொரு சான்று வேணும்.”

“நீங்க நிரூபிச்சு முடிக்கிறதுக்குள்ள பிள்ளை பள்ளிக்கூடம் போயிடும்.”

அவள் சொன்னது நியாயம். ஆனாலும் ஒரு தடவை மங்குஸ்தீன் என்று ஊரைக் கூட்டியவன் நான். இரண்டாவது தடவையும் தவறினால் பாதிக்கப்படுவது என் பெயர் மட்டுமல்ல. அதைச் சாப்பிடப்போவது அவள். அன்றிரவு ஒரு வழி யோசித்து வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைவர் சொன்னபடி பாராங் கத்தியோடு வந்தார். அவரை மரத்தடியில் உட்கார வைத்தேன். பாயைக் கடையிலிருந்து கையோடு அழைத்து வந்திருந்தேன். மிஸி வேலியைச் சுற்றி வந்து சேர்ந்தார். ஒரு பெரிய தட்டில் பாய் கடை வில்லைகளையும் எங்கள் மரத்து வில்லைகளையும் கலந்து வைத்தேன். கடை வில்லைகளின் அடிப்பக்கத்தில் மட்டும், மறுபக்கம் ஊடுருவாதபடி, ஊசியால் லேசாக ஒரு துளை குத்தியிருந்தேன். அது எனக்கும் மனைவிக்கும் மட்டும் தெரியும்.

“பாய், இதுல உங்க சரக்கு எது, எங்க மரத்துது எதுன்னு பிரிச்சுக் கொடுங்க.”

“இதென்ன பெரிய வேலை?” என்று பாய் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார், முகர்ந்தார், ஓரத்தைக் கிள்ளி நாக்கில் வைத்தார். தலைவர் கத்தியைத் தரையில் வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் ஒரு குவியல், மறுபக்கம் ஒரு குவியல்.

“இதோ, இதுதான் அசல் வடக்கத்திச் சரக்கு. என்ன வாசம், என்ன புளிப்பு!” பாய் வலப்பக்கக் குவியலைத் தட்டினார். இடப்பக்கத்தைக் கையால் ஒதுக்கினார். “இது தம்பி காயவச்சது. பாவம், காய்ச்சல் சரியில்ல. புளிப்பும் செத்துப்போச்சு. இதை யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டாங்க.”

நான் வலப்பக்கக் குவியலை ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினேன். ஒன்றில்கூட ஊசித்துளை இல்லை. இடப்பக்கத்தைத் திருப்பினேன். எல்லாவற்றிலும் துளை.

முதலில் சிரித்தது என் மனைவிதான்.

“பாய், உங்க கடைச் சரக்கைத்தான் யாரும் வாங்க மாட்டாங்கன்னு சொன்னீங்க!”

“அல்லாவே!” பாய் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். “தம்பி, அப்ப இந்த மரத்துல தொங்குறது முழுக்க அசாம் கெப்பிங்கா? இத்தனை நாள் என் கடைக்குப் பின்னாடியே?”

தலைவர் எழுந்துபோய் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். மீசையைத் தடவினார். விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

“சரி, மலாய்க்காரங்க சமையலுக்கு ஆகும். நம்ம சமையலுக்கு ஆகுமா? நம்ம குழம்புக்குப் புளின்னா புளிதான். இது சேராதுன்னா திங்கிற பொருள்னு நான் எப்படி எழுதுறது?”

“அதைச் சட்டிதான் சொல்லும்,” என்றார் மிஸி. “நான் வாக்குக் குடுத்தனான். அடுப்பை மூட்டும் பிள்ளை. நீங்கள் அந்தக் கத்தியாலை உந்தப் பட்டுப்போன கொப்பை வெட்டி விறகு தாங்கோ. வந்ததுக்கு ஒரு வேலையாப் போகட்டும்.”

தலைவர் பட்ட கிளையை வெட்டினார். பாய் கடைக்கு ஆள் அனுப்பிக் கருவாடு வரவழைத்தார். எங்கள் முற்றத்து மிளகாய், கொஞ்சம் சின்ன வெங்காயம், தேங்காய்ப்பால். நான்கைந்து வில்லைகளைக் கழுவி மிஸி கொதியில் போட்டார். அது கொதித்தபோது வந்த வாசனைக்குச் சந்தின் கதவுகள் திறந்தன. ஒன்றிரண்டு பேர் வேலியில் வந்து நின்று, “யார் வீட்டுக்குப் புளி வந்திருக்கு?” என்று கேட்டார்கள். இத்தனை மாதமாக யாரும் யாரையும் கேட்காத கேள்வி.

முதல் கரண்டியை மிஸி தானே குடித்துப் பார்த்தார். கண்ணை மூடி நின்றார். நாங்கள் அவர் முகத்தையே பார்த்தோம்.

“உப்புக் காணாது,” என்றார். பிறகு ஒரு கிண்ணம் முழுவதும் குடித்தார். தலைவரும் குடித்தார், பாயும் குடித்தார், நானும் குடித்தேன். புளியின் இனிப்பு அதில் இல்லை. கூர்மையான, சுத்தமான புளிப்பு. இருந்தும் நாக்கு அதைக் குழம்பு என்று ஏற்றுக்கொண்டது. மிஸி கொஞ்ச நேரம் எங்கள் எல்லாரையும் உட்கார வைத்துப் பார்த்தார். யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்று திருப்தியான பிறகுதான் மனைவிக்குத் தட்டு வைத்தார். அவித்த மரவள்ளி, மேலே சிவந்த குழம்பு.

அவள் கிழங்கைக் குழம்பில் பிசைந்து வாயில் வைத்தாள். மென்றாள். விழுங்கினாள். இன்னொரு கவளம். இன்னொன்று. நாங்கள் நான்கு பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

“நிக்குதாம்மா?” என்றார் தலைவர், அவ்வளவு பெரிய குரலை எங்கே வைத்தாரோ தெரியாது, கிசுகிசுப்பாக.

“நீங்க எல்லாரும் இப்படிக் கண்ணு வச்சா எப்படிண்ணே நிக்கும்? அந்தப் பக்கம் திரும்புங்க.”

ஒழுங்காகத் திரும்பி நின்றோம். ரயில்வே மேற்பார்வையாளர், மளிகைக் கடைக்காரர், நர்ஸ், கணக்கன், நான்கு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு. பின்னால் தட்டை வழிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல்: “இன்னும் கொஞ்சம் கிழங்கு இருக்கா?”

பாய் கை தட்டினார். மிஸி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுப்புப் புகை என்றார். அடுப்பு அணைந்து நேரமாகியிருந்தது. சாப்பிட்டது அன்று முழுவதும் தங்கியது. மறுநாளும் தங்கியது. அவள் கன்னத்துக்கு மெதுவாக நிறம் திரும்பியது.

தலைவர் எங்கள் மரத்தை உணவு மரம் என்று எழுதிக்கொண்டு போனார். முதல் கூடை கேட்டதை மறக்கவில்லை, வாங்கிக்கொண்டுதான் போனார். வெயில் விழும் பக்கத்தில் நாங்கள் மரவள்ளி நட்டோம். காய்கள் மஞ்சளாகும் முன்பே சந்து முழுவதும் கூரைமேல் முறங்கள் ஏறின. வில்லைகள் வீடு வீடாகப் போயின. பதிலுக்குக் கீரை வந்தது, முட்டை வந்தது, ஒரு தடவை அரைப் படி அரிசிகூட வந்தது. பாய் கடை ஜாடி மறுபடி நிறைந்தது. வருவோரிடம் அவர், “அசல் வடக்கத்திச் சரக்கு,” என்று முகம் மாறாமல் சொல்வதை நானே என் காதால் கேட்டிருக்கிறேன். என்னைக் கண்டதும் கண்ணைச் சிமிட்டுவார்.

மார்கழியில் மகள் பிறந்தாள். பிரசவம் பார்த்தது மிஸி. நல்ல எடை, நல்ல குரல். அந்த வருஷத்தில் எங்கள் சந்தில் பிறந்த குழந்தைகளில் அழுகைச் சத்தத்துக்கு அவளை மிஞ்ச ஆளில்லை என்று தலைவர் அதிகாரபூர்வமாக அறிவித்தார்.

1945இல் சண்டை முடிந்து கப்பல்கள் வரத் தொடங்கியபோது புளியும் வந்தது. என் மனைவி வாங்கினாள். ஆனாலும் மீன் குழம்புக்கு மட்டும் வில்லைதான் போடுவாள்.

வரலாறு எழுத ஆசைப்படுகிறவன் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவள் வாந்தியை நிறுத்தியது அந்தக் காய்தான் என்பது அவள் கட்சி. பெரும்பாலான பெண்களுக்கு நான்காம் மாதத்தோடு மசக்கை தானாகவே அடங்கும் என்றும், குழம்பு வைத்த வாரமும் ஏறக்குறைய அதே கணக்கில்தான் வந்தது என்றும் மிஸி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். சரிபார்க்க நான் முயன்றேன்; மாதக் கணக்கில் இருவரும் ஒத்துப்போகவில்லை. காயா, காலமா என்பது இன்றுவரை உறுதி செய்யப்படாத செய்தி.